வெள்ளையரை எதிர்த்து ஏன் கிளர்ந்தார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளோடு சனி, ஞாயிறுகளில் உட்கார்ந்து வரலாறு பேசுவது என் பழக்கம். ஆட்கள் மாறினாலும் கேட்கிற சந்தேகம் ஒன்றாகவே இருக்கிறது. பாடப்புத்தகம் காரணங்களை அரசியல், பொருளாதாரம், சமூகம், ராணுவம் என்று கட்டம் கட்டிக் கொடுத்துவிடுகிறது. அது மனப்பாடம் ஆகிவிடும், ஆனால் ஒருத்தன் தூக்குக் கயிறு நிச்சயம் என்று தெரிந்தும் ஏன் எழுந்து நின்றான் என்பது மட்டும் பிடிபடாது. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, பதிலையும் எழுதிவிட்டேன். வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வருகிற பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் போகின்றன.

வியாபாரம் பண்ண வந்தவங்கதானே சார்? அவங்களை எதிர்த்து ஏன் இத்தனை சண்டை?

வியாபாரியாக மட்டும் இருந்த வரை இத்தனை சண்டை இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பித்தது 1600-ல். ரொம்ப காலத்துக்கு அவர்கள் வெள்ளியைக் கப்பலில் கொண்டுவந்து கொடுத்து, துணியும் மிளகும் வாங்கிப் போனார்கள். 1757-ல் பிளாசி, 1764-ல் பக்சர், அதற்கு அடுத்த வருடம் முகலாயப் பேரரசர் ஷா ஆலமிடமிருந்து வங்காளம், பீகார், ஒரிசா மூன்றுக்கும் திவானி உரிமை வந்தது. திவானி என்றால் வரி வசூலிக்கும் உரிமை. அன்றிலிருந்து கணக்கே மாறிப்போனது. நம் விவசாயியிடம் வாங்கிய வரிப்பணத்தைக் கொண்டே நம் நெசவாளியிடம் துணி வாங்கி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். வெளியிலிருந்து காசு கொண்டுவர வேண்டிய தேவையே போய்விட்டது.

திவானி வந்து ஐந்தே வருடத்தில், 1770-ல், வங்காளத்தில் பெரும் பஞ்சம். மூன்றில் ஒருவர் செத்துப்போனார் என்று அந்தக் காலத்து அதிகாரிகளே கணக்குச் சொன்னார்கள். அப்போதும் வசூல் நிற்கவில்லை. சந்நியாசிகளும் பக்கிரிகளும் கம்பெனியின் கருவூலங்களையும் கிடங்குகளையும் தாக்கியது, மஜ்னு ஷா போன்றவர்கள் பின்னால் பட்டினி கிடந்த குடியானவர்கள் சேர்ந்தது எல்லாம் இந்தச் சூழ்நிலையில்தான். இந்தப் பக்கத்தில் எந்தக் கிளர்ச்சியைப் பேசினாலும் முதலில் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: வரி யாருக்குப் போனது, எப்படி வாங்கினார்கள்.

பாளையக்காரர்னா ஜமீன்தாரா? அவங்களுக்கும் கம்பெனிக்கும் என்ன தகராறு?

ஜமீன்தார் என்பது பின்னால் வந்தது. மதுரை நாயக்கர் காலத்தில் விசுவநாத நாயக்கரும் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள் என்பது நாம் படித்ததுதான். பாளையக்காரர் வரி வசூலிப்பார், ஒரு பங்கை மேலே கட்டுவார், படை வைத்திருப்பார், வழக்குத் தீர்ப்பார், ஊருக்குக் காவல் கொடுப்பார். அந்தக் காவலுக்கு ஊரார் தனியாகக் காவல் வரி கொடுப்பார்கள்.

ஆற்காட்டு நவாப் முகமது அலி, கம்பெனியிடமும் கம்பெனிக்காரர்களிடம் தனித்தனியாகவும் கழுத்து மட்டும் கடன் வாங்கியிருந்தார். கடனுக்கு ஈடாக வசூல் உரிமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கை மாற்றினார். 1792 ஒப்பந்தத்தில் பாளையக்காரர்களிடம் கப்பம் வாங்கும் உரிமை நேராகக் கம்பெனிக்கே போய்விட்டது. சரி, நவாபுக்குக் கட்டியதை இவனுக்குக் கட்டினால் என்ன என்று கேட்கலாம். நவாபோடு ஒரு இழுபறி இருந்தது. மழை இல்லை என்றால் தவணை கேட்கலாம், கொஞ்சம் குறைத்துக் கட்டலாம், சில வருடம் கட்டாமலும் இருக்கலாம். கம்பெனியிடம் அதெல்லாம் செல்லாது, தேதி தவறினால் பட்டாளம் வரும். அதோடு காவல் வரி வாங்குவதைக் கொள்ளை என்றார்கள், ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றம் என்றார்கள். பாளையக்காரர் யார் என்பதையே அழித்துவிடுகிற மாற்றம் இது. பூலித்தேவர் 1755-லேயே நெற்கட்டும்செவலில் கம்பெனித் தளபதி கர்னல் ஹெரானை எதிர்த்து நின்றதற்கும் அடிப்படை இதுதான்.

கட்டபொம்மன் கப்பம் கட்டினாரா, கட்டவே இல்லையா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

கட்டியிருக்கிறார், பாக்கியும் வைத்திருக்கிறார். 1798 செப்டம்பரில் பாஞ்சாலங்குறிச்சியின் பாக்கி 3310 பகோடா (பகோடா என்பது அந்தக் காலத்துப் பொன் நாணயம்). கலெக்டர் ஜாக்சன் அவரை நேரில் வரச்சொல்லி, சந்திக்காமல் ஊர் ஊராக அலைக்கழித்து, கடைசியில் இராமநாதபுரத்தில் சந்தித்தார். கணக்கைப் பார்த்தபோது பெரும்பகுதி கட்டியாகிவிட்டது, 1080 பகோடாதான் நிற்கிறது என்று தெரிந்தது. அப்படியிருந்தும் அவரை மூன்று மணி நேரம் நிற்க வைத்தார்கள், பிடிக்கவும் பார்த்தார்கள். கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் இறந்தார், கட்டபொம்மன் தப்பித்தார், அவருடைய அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளை மாட்டிக்கொண்டார். பிறகு சென்னையில் விசாரணை நடந்து, தப்பு ஜாக்சன் மேல்தான் என்று அவரைப் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள்.

கட்டவே மாட்டேன் என்று வசனம் பேசினாரா என்பதில் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த மூன்று மணி நேரம். பாக்கிக்குத் தவணை கேட்டிருக்கலாம். சபை நடுவில் நிற்க வைத்ததற்குத் தவணை கிடையாது. அதற்குள் பக்கத்துப் பாளையங்களோடு கூட்டு சேரும் முயற்சியும் தொடங்கிவிட்டது, அதைத்தான் கம்பெனி உண்மையில் பொறுக்கவில்லை. 1799 செப்டம்பரில் பானர்மேன் படையோடு வந்தார், அக்டோபரில் கயத்தாறில் தூக்கு.

அவங்க எல்லாம் தங்கள் பதவியைக் காப்பாத்தச் சண்டை போட்டாங்க. அதைப் போய்ச் சுதந்திரப் போராட்டம்னு சொல்லலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களை நான் மதிக்கிறேன், இதில் பாதி உண்மை இருக்கிறது. வேலு நாச்சியார் 1772-ல் காளையார்கோயிலில் கணவர் முத்துவடுகநாதரைப் பறிகொடுத்தார். ஹைதர் அலி உதவியோடு 1780-ல் சிவகங்கையை மீட்டார். இழந்த சீமையைத் திரும்ப எடுப்பது அவருக்கு நோக்கமாக இருந்தது, அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. அதே நேரத்தில் எட்டயபுரமும் புதுக்கோட்டைத் தொண்டைமானும் கம்பெனி பக்கம் நின்றார்கள். எல்லாப் பாளையக்காரரும் ஒரே மனதாக எழுந்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மீதிப் பாதியைப் பார்க்க 1801-க்கு வர வேண்டும். பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் ஆட்கள், வெள்ளையர் இடித்துத் தரைமட்டமாக்கியிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களில் மண் குழைத்துத் திரும்ப எழுப்பிவிட்டார்கள். பதவிச் சண்டை மட்டும்தான் என்றால் அந்த மண்ணைச் சுமந்தவர்களுக்கு என்ன பதவி கிடைக்கப்போகிறது? அதே வருடம் ஜூன் மாதம் சின்ன மருது வெளியிட்ட அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கத்திலும் ஒட்டப்பட்டது. ஜம்புத் தீவில், அதாவது இந்த நாட்டில், வாழ்கிற எல்லாச் சாதியாரையும் முஸ்லிம்களையும் கூப்பிட்டு, ஐரோப்பியர் வஞ்சகமாக நாட்டைப் பிடித்துக்கொண்டு நம்மை நாய்களைப் போல நடத்துகிறார்கள், ஒன்று சேருங்கள் என்றது அது. சிவகங்கை எனக்கு வேண்டும் என்று எழுதவில்லை. அந்த அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். தன் சீமைக்காகத் தொடங்கிய ஒருவர் சண்டையின் நடுவில் அதைவிடப் பெரிய ஒன்றைப் பேசத் தொடங்கினார் என்றுதான் நான் படிக்கிறேன்.

வேலூர்ல ஒரு தலைப்பாகைக்காகவா அத்தனை பேரைக் கொன்னாங்க?

தலைப்பாகை கடைசியாக விழுந்த பொறி. 1806-ல் சென்னைப் படைக்குப் புது உத்தரவு வந்தது: நெற்றியில் சமயக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை எடுக்க வேண்டும், மீசையை ஒரே மாதிரி வெட்ட வேண்டும், தோல் குஞ்சம் வைத்த புது வட்டத் தலைப்பாகை போட வேண்டும். அது பார்க்கத் தொப்பி மாதிரி இருந்தது, தொப்பி போட்டவன் கிறிஸ்தவன் என்று ஊரில் பேச்சு. தோல் எந்த மிருகத்துடையது என்ற கவலை வேறு. போட மாட்டோம் என்றவர்களில் ஒரு இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் தலா 900 கசையடி கொடுத்தார்கள். தொள்ளாயிரம்! அதற்குப் பிறகும் அது துணி விஷயம் என்று யாரும் நினைத்திருக்க முடியாது.

கீழே இருந்த விறகையும் பாருங்கள். சம்பளம் குறைவு, பதவி உயர்வுக்கு ஒரு அளவுக்கு மேல் வழி இல்லை, நேற்று வந்த வெள்ளைக்கார இளைஞன் முப்பது வருடம் வேலை பார்த்த சுபேதாரை அதட்டுவான். கலைக்கப்பட்ட பாளையங்களிலும் திப்புவின் படையிலும் இருந்தவர்கள் பிழைப்புக்காக இந்தப் படையில் சேர்ந்திருந்தார்கள். திப்புவின் பிள்ளைகளையே அதே கோட்டைக்குள் காவலில் வைத்திருந்தார்கள். ஜூலை 10 விடியலுக்கு முன் சிப்பாய்கள் எழுந்தார்கள், கர்னல் ஃபேன்கோர்ட் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயர் செத்தார்கள், கோட்டையில் மைசூர்க் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சில மணி நேரத்தில் அடக்கிவிட்டார், அதில் செத்த சிப்பாய்கள் பல நூறு பேர். தலைப்பாகை உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள், கவர்னர் பெண்டிங்கையும் தளபதி கிராடாக்கையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. திப்புவின் பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள்.

1857-ல தோட்டாவில் நிஜமாகவே மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு இருந்ததா?

என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டாவுக்குக் கொழுப்புக் கலந்த மசகு தடவினார்கள். எந்த மிருகத்துக் கொழுப்பு என்று யாரும் கவனித்து வாங்கவில்லை, சந்தேகத்துக்கு இடம் கொடுத்தது அதுதான். தோட்டாவின் காகித முனையைப் பல்லால் கடித்துத்தான் திறக்க வேண்டும், ஆகவே மாடும் பன்றியும் வாயில் படும் என்ற பயம் இரண்டு மதத்தாருக்கும் வந்தது. எதிர்ப்பு தெரிந்ததும் சிப்பாய்களே தங்களுக்குப் பிடித்த மசகைத் தடவிக்கொள்ளலாம் என்று அரசு இறங்கி வந்தது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மீரட்டில் ஏப்ரல் 24 அன்று 85 குதிரைப்படை வீரர்கள் தொட மாட்டோம் என்றார்களே, அன்று அவர்கள் கையில் கொடுத்தது பழைய வகைத் தோட்டா, புது மசகு தடவாதது. அதையும் நம்பத் தயாராக இல்லை. மே 9 அன்று அத்தனை பேருக்கும் மற்ற சிப்பாய்கள் கண்முன்னே காலில் விலங்கு பூட்டினார்கள், மறுநாள் மாலை மீரட் எரிந்தது, அதற்கு மறுநாள் அவர்கள் டெல்லியில் முகலாயப் பேரரசர் பகதூர் ஷா முன்னால் நின்றார்கள். தோட்டாவில் என்ன இருந்தது என்பதைவிட, அரசு என்ன சொன்னாலும் நம்ப முடியாது என்கிற நிலைக்கு அந்தச் சிப்பாய் எப்படி வந்தான் என்று கேளுங்கள். அந்தப் பதில் அடுத்த கேள்வியில்.

சிப்பாய்க்குக் கோபம் சரி. ராணிகள், விவசாயிகள் எல்லாம் ஏன் சேர்ந்தாங்க?

வங்காளப் படையின் சிப்பாய்களில் மிகப் பெரிய பங்கு அவத் (லக்னோவைச் சுற்றிய நாடு) பகுதிக் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள். சீருடை போட்ட விவசாயி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1856 பிப்ரவரியில் அவத்தைக் கம்பெனி விழுங்கியது, காரணம் ஆட்சி சரியில்லை என்பது. நவாப் வாஜித் அலி ஷா கல்கத்தாவுக்குப் போனார், அரண்மனையை நம்பியிருந்த படைவீரர்களும் கைவினைஞர்களும் வேலை இழந்தார்கள், தாலுக்தார்கள் என்ற பெருநிலக்காரர்கள் நிலத்தை இழந்தார்கள், குடியானவனுக்கு வரி ஏறியது. சிப்பாய் வீட்டுக்கு வந்த கடிதத்திலெல்லாம் இதுதான் இருந்திருக்கும். அதோடு சொந்த நாட்டுக்கு வெளியே வேலை பார்த்தால் கிடைத்த கூடுதல் படி (அலவன்ஸ்), அந்த இடங்களையெல்லாம் கம்பெனி தன் நாடாக்கிக்கொண்டதால் நின்றுபோனது. புதிதாகச் சேர்கிறவன் கடல் கடக்கச் சம்மதிக்க வேண்டும் என்று 1856-ல் ஒரு சட்டம்.

கவர்னர் ஜெனரல் டல்ஹவுசியின் வாரிசு இழப்புக் கொள்கை ராணிகளைத் தொட்டது. தத்துப்பிள்ளை செல்லாது என்று சாத்தாரா, ஜான்சி, நாக்பூர் போயின. கான்பூரில், மராத்தியரின் கடைசி பேஷ்வாவுக்குத் தத்துப்பிள்ளையான நானா சாகிபுக்கு அந்த பேஷ்வாவின் ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. 1857 ஆகஸ்டில் கிளர்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆசம்கர் அறிக்கையைப் பாருங்கள், நம் பாடப்புத்தகத்தைவிடத் தெளிவாக இருக்கும். ஜமீன்தாருக்கு அதிக வரி, வியாபாரிக்கு நல்ல சரக்கிலெல்லாம் வெள்ளையரின் ஏகபோகம், உத்தியோகஸ்தருக்கு மரியாதையும் சம்பளமும் இல்லை, நெசவாளிக்கும் தச்சருக்கும் இங்கிலாந்துச் சரக்கால் வேலை இல்லை, பண்டிதருக்கும் பக்கிரிக்கும் மதத்துக்கு ஆபத்து என்று ஒவ்வொருவரிடமும் அவரவர் வலியைச் சொல்லிக் கூப்பிட்டது அது. ஒரே காரணம் வேண்டும் என்று தேடுகிறவர்கள் தோற்றுப்போவது இங்கேதான்.

அப்போ தெற்கு ஏன் சும்மா இருந்தது? நமக்கு ரோஷம் இல்லையா?

இதைக் கேட்கிறபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கும். ரோஷம் ஐம்பது வருடத்துக்கு முன்னாலேயே ரத்தமாகக் கொட்டிவிட்டது. எழுந்து நிற்கக்கூடிய பாளையங்களை 1801-லும், தீரன் சின்னமலையைச் சங்ககிரியில் தூக்கிலிட்ட 1805-லும் ஒழித்துவிட்டார்கள், கோட்டைகளை இடித்து ஆயுதங்களைப் பிடுங்கிவிட்டார்கள். மிஞ்சியவர்கள் ஜமீன்தார்களாகிக் கம்பெனி பட்டாவில் வாழ்ந்தார்கள். 1857-ல் தலைமை தாங்க யார் இருந்தார்கள்?

படையும் வேறு மாதிரி. சென்னைப் படையில் பல சாதியாரும் கலந்திருந்தார்கள், பர்மாவுக்கும் ஜாவாவுக்கும் கடல் தாண்டிப் போய் வந்தவர்கள், ஆகவே வடக்கே புண்ணாக இருந்த கடல் பிரச்சினை இங்கே அவ்வளவு வலிக்கவில்லை. வேலூருக்குப் பிறகு சமயக்குறி, உடை விஷயங்களில் அதிகாரிகள் எச்சரிக்கையாகவும் இருந்தார்கள். அதற்காகக் குறையே இல்லை என்று அர்த்தமில்லை. ஆண் வாரிசு இல்லை என்று தஞ்சாவூர் அரசைக் கம்பெனி எடுத்துக்கொண்டது 1855-ல்தான். அலகாபாத், கான்பூர் பக்கம் கண்ணில் பட்டவர்களை எல்லாம் தூக்கில் போட்ட தளபதி நீல், சென்னையிலிருந்து ஐரோப்பியப் படையோடு போனவர். அவருடைய சிலை சென்னை மவுண்ட் ரோட்டில் நின்றது. அதை எடுக்கச் சொல்லி 1927-ல் தொண்டர்கள் சத்தியாகிரகம் செய்து ஜெயிலுக்குப் போனார்கள், 1937-ல் ராஜாஜி அரசு அதை அகற்றியது.

ரயத்துவாரியில் இடைத்தரகன் இல்லையே, விவசாயிக்கு நல்லதுதானே? அப்புறம் என்ன குறை?

காகிதத்தில் நல்லது. 1793-ல் காரன்வாலிஸ் வங்காளத்தில் கொண்டுவந்த நிரந்தரத் தீர்வையில் ஜமீன்தார் குறித்த நாளின் சூரியன் மறைவதற்குள் பணம் கட்டாவிட்டால் ஜமீன் ஏலத்துக்குப் போகும், அவன் குடியானவனைப் பிழிவான். ரயத்துவாரியில் ரீடும் மன்றோவும் விவசாயியோடு நேராகத் தீர்வை பேசினார்கள், அந்த ஜமீன்தார் இல்லை. ஆனால் ஆரம்பத் தீர்வை விளைச்சலில் பாதி என்ற அளவில் இருந்தது, அதுவும் நெல்லாக இல்லை, ரொக்கமாக. நெல்லாகக் கொடுக்கிறபோது விளைச்சல் குறைந்தால் கொடுப்பதும் குறையும். ரொக்கத்தில் அப்படி இல்லை. மழை பொய்த்தாலும், நெல் விலை விழுந்தாலும் தொகை அதேதான். வயநாட்டில் குறிச்சியர் 1812-ல் எழுந்ததற்குப் பணமாகக் கட்டு என்ற நிர்ப்பந்தம் முக்கியக் காரணம்.

கட்டாதவனை என்ன செய்தார்கள்? சென்னை மாகாணத்தில் வரி வசூலில் சித்திரவதை நடக்கிறதா என்று ஒரு கமிஷன் விசாரித்து 1855-ல் நடக்கிறது என்று அறிக்கை கொடுத்தது. காஜுலு லட்சுமிநரசு செட்டியும் அவருடைய சென்னைவாசிகள் சங்கமும் பாராளுமன்றம் வரை மனு அனுப்பியதால் வந்த கமிஷன் அது. கிட்டி போட்டு விரலை நசுக்குவது, அண்ணாந்தாள் என்று உடம்பை வளைத்துக் கட்டி வெயிலில் விடுவது எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. இவ்வளவுக்கும் பெரிய கிளர்ச்சி வரவில்லை, ஏனென்றால் அடித்த கை பெரும்பாலும் நம் ஊர்க்காரன் கை. கீழ்மட்டச் சேவகன், தாசில் சிப்பந்தி. கலெக்டர் கண்ணில் படவே மாட்டார். பலர் நிலத்தைப் போட்டுவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக வேறு சீமைக்குப் போனார்கள், அவர்களுக்குத் தெரிந்த எதிர்ப்பு அதுதான்.

பழங்குடி மக்கள் மலைக்குள்ள இருந்தாங்க. அவங்களுக்கு வெள்ளைக்காரனால என்ன நஷ்டம்?

மலையே நஷ்டம். சந்தால்களைக் கம்பெனியே கூப்பிட்டு ராஜ்மகால் மலையடிவாரத்தில் காடு திருத்தச் சொன்னது. திருத்திய நிலத்துக்குப் பின்னாலேயே வரி வந்தது, வரி கட்டக் கடன், கடனுக்கு வட்டிக்காரன், வட்டிக்காரனுக்குப் பின்னால் போலீசும் கோர்ட்டும். 1855 ஜூன் 30 அன்று போக்னாடிஹ் கிராமத்தில் சித்து, கானு சகோதரர்கள் முன்னால் பத்தாயிரம் பேர் போல கூடினார்கள். அம்பும் வில்லும்தான் கையில். பல ஆயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். பிர்சா முண்டா 1899-ல் நடத்திய உல்குலான் என்ற பெரும் எழுச்சியிலும் அதே சங்கிலிதான், கூட்டாகச் சொந்தமாக இருந்த நிலம் வெளியாட்கள் கைக்குப் போனது, கூலி இல்லாத வேலை. பிர்சா 1900 ஜூன் 9 அன்று ராஞ்சிச் சிறையில் இறந்தபோது வயது இருபத்தைந்துகூட ஆகவில்லை.

நம் சென்னை மாகாணத்திலேயே கோதாவரி மலைப்பகுதியில் ரம்பா எழுச்சி 1879-ல் நடந்தது. தங்கள் மரத்தில் இறக்கிக் குடித்த கள்ளுக்கு வரி, அதுதான் பற்றவைத்தது. 1882-ல் சென்னை வனச் சட்டம் வந்து காட்டை வெட்டி எரித்துப் பயிரிடுகிற பொடு விவசாயத்தையும் விறகு பொறுக்குவதையும் குற்றமாக்கியது. 1922-ல் அல்லூரி சீதாராம ராஜு பின்னால் அந்த மலை மக்கள் சேர்ந்ததற்கு, கூலி கொடுக்காமல் மலைச்சாலை போட வைத்ததும் ஒரு காரணம்.

பஞ்சத்துல அத்தனை லட்சம் பேர் செத்தாங்களே, அப்போ ஏன் யாரும் எழுந்திருக்கல?

இதுதான் எனக்குக் கஷ்டமான கேள்வி. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தில் செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல், சென்னை மாகாணம்தான் மோசமாக அடிபட்டது. அப்போதும் துறைமுகத்திலிருந்து தானியம் வெளியே போய்க்கொண்டிருந்தது. நிவாரண வேலையில் நாள் முழுக்க மண் சுமக்கிற ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஒரு அணாவும் போதும் என்று, நிவாரணத்தைக் கவனிக்க அரசு அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள் விதித்தார்.

பசித்தவன் கிளர்ந்தெழுவான் என்பது நாம் நினைப்பது. உண்மையில் ரொம்ப நாள் பசித்தவனால் எழுந்து நிற்கவே முடியாது. கிளர்ச்சிக்குத் தெம்பு வேண்டும், கூடிப் பேச ஒரு ஊர் வேண்டும், நம்ப ஒரு தலைவன் வேண்டும். பஞ்சத்தில் ஊரே கலைந்துவிடும். சென்னைக்கு நடந்தார்கள், பக்கிங்காம் கால்வாய் வெட்டப் போனார்கள், இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பல் ஏறினார்கள். பஞ்சத்தின் தொடக்கத்தில், உடம்பில் பலம் இருந்த மாதங்களில், தானியக் கடைகளைச் சூறையாடியது நடந்திருக்கிறது. பம்பாய் மாகாணத்தில் டெம்பிள் கூலியை எதிர்த்து நிவாரண முகாம்களில் வேலையை நிறுத்தியதும் நடந்தது. ஆகவே யாரும் எழுந்திருக்கவில்லை என்பது சரியில்லை.

மாப்பிள்ளைக் கிளர்ச்சி மதக் கலவரமா, விவசாயிக் கிளர்ச்சியா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.

ஒன்று சொன்னால் பொய் சொன்னதாக ஆகும். மாப்பிள்ளைகள் என்பது மலபார் முஸ்லிம்கள். மலபாரைப் பிடித்ததும் ஜன்மிகள் என்ற நிலப்பிரபுக்களை நிலத்தின் முழுச் சொந்தக்காரர்களாகக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் குடியானவனுக்கும் விளைச்சலில் உரிமை உண்டு, இப்போது ஜன்மி நினைத்தால் கோர்ட் மூலம் வெளியேற்றலாம். ஜன்மிகள் பெரும்பாலும் உயர்சாதி இந்துக்கள், தெற்கு மலபாரில் குத்தகைக்காரர்களில் பலர் மாப்பிள்ளைகள். 1836-லிருந்தே சிறுசிறு எழுச்சிகள். 1921-ல் துருக்கிக் கலீபாவுக்கு ஆதரவான கிலாபத் இயக்கமும் ஒத்துழையாமையும் சேர்ந்தபோது பெரிதாக வெடித்தது. அதில் போலீஸ் நிலையமும் சர்க்கார் அலுவலகமும் எரிந்தன, இந்துக்கள் கொல்லப்பட்டதும் கட்டாய மதமாற்றமும் நடந்தன, கைதிகளைக் காற்று புகாத ரயில் பெட்டியில் அடைத்து அனுப்பியதில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மூச்சுத் திணறிச் செத்து, போத்தனூரில் கதவைத் திறந்தபோது பிணமாகக் கிடந்தார்கள். இதில் ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கிறவர்களிடம் கவனமாக இருங்கள். வேலூரிலும் இப்படித்தான், மதமும் சம்பளமும் ஒரே ஆளுக்குள் ஒன்றாக இருந்தன.

வ.உ.சி. காலத்துல நடந்தது காங்கிரஸ் போராட்டம்தானே? அதைக் கிளர்ச்சின்னு எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் கூலிக்காகவும் வேலை நேரத்துக்காகவும் வேலையை நிறுத்தினார்கள், வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்றார்கள், கோரிக்கை கிடைத்தது. ஏற்கனவே சுதேசிக் கப்பல் கம்பெனி நடத்தி வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியின் வயிற்றில் அடித்தவர் அவர். மார்ச் 12 அன்று கைது. மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைத்தன, நகராட்சி அலுவலகமும் தபால் நிலையமும் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். தங்களுக்காகச் சிறைக்குப் போகிற தலைவனுக்காக மில் தொழிலாளியும் சாதாரணக் கடைக்காரனும் தெருவுக்கு வந்த நாள் அது. பாளையக்காரர் காலத்தில் சீமையையும் கப்பத்தையும் சுற்றி இருந்த கோபம் இங்கே கூலிக்கும் கப்பலுக்கும் மாறியிருக்கிறது.

1946 கடற்படைக் கிளர்ச்சி சாப்பாடு சரியில்லைன்னு நடந்ததாமே? அவ்வளவுதானா?

மேலே தலைப்பாகைக்குச் சொன்ன பதிலை இங்கே அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பம்பாயில் தல்வார் பயிற்சி நிலையத்தில் பிப்ரவரி 18 அன்று மோசமான சாப்பாட்டை மறுத்துத்தான் ஆரம்பித்தது. அதற்குப் பின்னால் கெட்ட வார்த்தையில் திட்டுகிற தலைமை அதிகாரி, வெள்ளை மாலுமிக்கு ஒரு சம்பளம் இந்திய மாலுமிக்கு ஒரு சம்பளம், போர் முடிந்ததும் வேலை போகும் என்ற பயம், இந்திய தேசிய ராணுவ வீரர்கள் மீது செங்கோட்டையில் நடந்த வழக்கு. சில நாட்களில் 78 கப்பல்களும் சுமார் இருபதாயிரம் பேரும் சேர்ந்துவிட்டார்கள். காங்கிரஸ், முஸ்லிம் லீக் தலைவர்கள் இருவருமே சரணடையச் சொன்னதால் பிப்ரவரி 23 அன்று முடிந்தது. பம்பாய்த் தெருக்களில் அவர்களுக்கு ஆதரவாக வந்து சுடப்பட்டுச் செத்த பொதுமக்கள் இருநூறுக்கும் மேல்.

பாடப்புத்தகத்துல அதிகம் பேசாத கிளர்ச்சி ஒண்ணு சொல்லுங்க சார்.

பெருங்காமநல்லூர். உசிலம்பட்டிப் பக்கம். குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-ல் வடக்கே வந்தது, 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. பிறப்பால் ஒரு சமூகத்தையே குற்றவாளி என்று எழுதி, ஆண்களின் கைரேகையைப் பதிந்து, ராத்திரியில் போலீஸ் சொல்கிற இடத்தில் வந்து படுக்கச் சொல்கிற சட்டம். பாளையக்காரர் பற்றிய கேள்வியில் காவல் வரியைச் சொன்னேன் இல்லையா, பரம்பரையாக ஊர்க்காவல் பார்த்துக் கூலி வாங்கிய பிரமலைக் கள்ளர் மேல்தான் இந்தச் சட்டம் பாய்ந்தது. கம்பெனி அன்று கொள்ளை என்று சொன்னதை நூறு வருடம் கழித்து அரசு சட்டமாகவே எழுதிக்கொண்டது.

ரேகை வைக்க மாட்டோம் என்று 1920 ஏப்ரல் 3 அன்று அந்த ஊர் மக்கள் திரண்டபோது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட பதினைந்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். இங்கே ராஜா இல்லை, தத்துப்பிள்ளை இல்லை, தோட்டா மசகு இல்லை. நாங்கள் திருடர்கள் இல்லை என்று சொன்னதுதான் மொத்தக் காரணமும். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்கியது 1947-ல்.